வராத சிப்புக்கு எழுதப்பட்ட தீர்ப்பு

மேசைக் கணினிகளுக்கான தனது அடுத்த செயலி நோவா லேக், 2026 இறுதியில் வரும் என்று இன்டெல் சொல்லியிருக்கிறது. அதற்கு மேல் உறுதியாகச் சொன்னது சொற்பம். ஆனால் 52 கோர், பிரம்மாண்ட கேச், புது சாக்கெட் என்று அதன் முழு ஜாதகமும் ஊரைச் சுற்றி வருகிறது. எதிர்முகாமில் ஏஎம்டியின் ஜென் 6 பற்றி 24 கோர், 7 கிகாஹெர்ட்ஸ் என்று பேச்சு. இரண்டில் எது வெல்லும் என்று தீர்ப்பும் எழுதியாகிவிட்டது. விலை தெரியாது, எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று தெரியாது. 'இப்போது வாங்காதே, பொறுத்திரு' என்ற உபதேசம் மட்டும் இலவசமாகக் கிடைக்கிறது. இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. இதில் பணம் போகிறது; போவது வாங்குபவரின் பணம்.

இந்தக் கணிப்புகள் எப்படிப் பிறக்கின்றன? மதர்போர்டு நிறுவனங்களுக்கு முன்கூட்டியே போகும் மாதிரிச் சிப்புகள், சரக்குப் பதிவேட்டில் தட்டுப்படும் ஒரு சாக்கெட் பெயர், யாரோ கீக்பெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளில் ஓட்டிப் பார்த்துப் பதிவாகிப்போன ஒரு மதிப்பெண். மாதிரிச் சிப் பெரும்பாலும் இறுதி வேகத்தில் ஓடாது. பயாஸும் அரைவேக்காடாக இருக்கும். அதன் மேல் மனக்கணக்குப் போட்டு ஒரு சதவீதத்தைச் சொல்கிறார்கள். அடுத்த வாரம் அதே சதவீதம் 'நம்பத்தகுந்த வட்டாரம்' ஆகிவிடுகிறது.

2024ஐ நினைத்துப் பாருங்கள். ஜென் 5 வருவதற்குச் சில மாதங்கள் முன்பு, முந்தைய தலைமுறையைவிட 40 சதவீதம் வேகம் என்று கிளப்பினார்கள். ஜூனில் தைபே கம்ப்யூடெக்ஸ் மேடையில் ஏஎம்டி சொன்னதோ, ஒரே கடிகார வேகத்தில் சராசரி 16 சதவீதம். அதற்கு மேடையில் காட்டிய படத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ஒரு முனையில் ஃபார் க்ரை 6 விளையாட்டு, 10 சதவீதம். மறுமுனையில் கீக்பெஞ்சின் குறியாக்கச் சோதனை, 35 சதவீதம். நாள் முழுக்கக் குறியாக்கம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பவர் உங்கள் தெருவில் எத்தனை பேர்? ஆனாலும் அந்த 35, சராசரியைத் தூக்கிப் பிடிக்க உதவியது. ஜூலை 31 என்று தேதி கொடுத்தார்கள். தரப் பரிசோதனையில் குறை தெரிந்ததாகச் சொல்லி ஆகஸ்ட் 8, 15 என்று இரண்டு தவணையாகத் தள்ளினார்கள். கடைசியில் சோதனையாளர்கள் கையில் கிடைத்தபோது, விளையாட்டுகளில் முந்தைய தலைமுறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் வந்த இன்டெல்லின் ஆரோ லேக், தன் முன்னோடியான 14900கேயிடமே பல விளையாட்டுகளில் தோற்றது.

இந்த இடத்தில் நம்மோடு தொடர்புள்ள ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆடம் ஆஸ்பர்ன். ரமண மகரிஷியின் அடியவர் ஆர்தர் ஆஸ்பர்னின் மகன். 1939இல் பாங்காக்கில் பிறந்து, திருவண்ணாமலையில் தமிழ் பேசி வளர்ந்தவர். 1981 ஏப்ரலில் அமெரிக்காவில் அவர் வெளியிட்ட ஆஸ்பர்ன் 1, கையில் தூக்கிச் செல்லும் கணினியாக விற்பனையில் வெற்றி கண்ட முதல் இயந்திரம். ஏறத்தாழ 11 கிலோ எடை, ஐந்து அங்குலத் திரை, 1,795 டாலர் விலை. உச்சத்தில் மாதம் 10,000 விற்றது. 1983 தொடக்கத்தில், அடுத்த இயந்திரமான எக்சிகியூட்டிவ் பற்றி முன்கூட்டியே பேசிவிட்டார். விற்பனையாளர்கள் பழையதை வாங்குவதை நிறுத்தினார்கள். புதியது கைக்கு வரவில்லை. செப்டம்பரில் நிறுவனம் திவால். பின்னாளில் இந்தியா திரும்பிய அவர் 2003இல் கொடைக்கானலில் காலமானார். மேலாண்மைப் பள்ளிகள் இன்றும் 'ஆஸ்பர்ன் விளைவு' என்று பாடம் நடத்துகின்றன. இல்லை, போட்டி நிறுவனமான கேப்ரோதான் அவரை வீழ்த்தியது என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. போட்டி எல்லோருக்கும்தான் இருந்தது. எல்லோரும் ஒன்பது மாதத்தில் திவாலாகவில்லை.

ஆஸ்பர்ன் தன் வாயால் தன் கடையை மூடினார். பெரிய நிறுவனங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே இதைத் திருப்பிப் பிடிக்கக் கற்றிருந்தன. தன் அடுத்த சரக்கைப் பற்றிப் பேசி அடுத்தவன் கடையை மூட வைப்பது. 1964இல் கன்ட்ரோல் டேட்டாவின் 6600 உலகின் வேகமான கணினியாக வந்தது. ஐபிஎம் உடனே அதற்குப் போட்டியாக 360/91 என்று அறிவித்தது. முதல் இயந்திரம் வாடிக்கையாளர் கைக்குப் போனது 1967இல். இடைப்பட்ட காலத்தில் 6600 வாங்க இருந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். 1968இல் கன்ட்ரோல் டேட்டா வழக்குப் போட்டது. 1973இல் ஐபிஎம் தன் துணை நிறுவனம் ஒன்றையே கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இன்று வழக்குப் போடக்கூட வழியில்லை. அறிவிப்பது நிறுவனம் அல்ல, பெயர் தெரியாத 'கசிவு'. கசிவுகளை நிறுவனங்களே வளர்க்கின்றன என்பதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் கையெழுத்திட்ட கடிதம் கிடையாது. ஆனால் தனக்குச் சாதகமான கசிவை எந்த நிறுவனமாவது ஓடிவந்து மறுத்திருக்கிறதா? எனக்கு அந்த மௌனம் போதும்.

'காத்திருப்பது வாங்குபவரின் உரிமை' என்பார்கள். சரி, அதன் விலையையும் சொல்லிவிட்டுச் சொல்லட்டும். நோவா லேக் வரட்டும், ஜென் 6 வரட்டும் என்று 2025 நடுவில் ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பியவர், இன்று அதே டிடிஆர்5 ரேமுக்கு இரண்டு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில், சில்லறை வாடிக்கையாளர்களுக்கான குரூஷியல் வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்துவிட்டது. செயலியில் வரப்போகும் பத்து சதவீதத்துக்காகக் காத்திருந்து ரேமில் மொத்தமாகத் தோற்ற கதை இது. 52 கோர் என்று காணொளி போட்ட ஒருவராவது இதை முன்கூட்டிச் சொன்னாரா? '2024 நவம்பர் வரை பொறுத்தவருக்கு ரைசன் 9800எக்ஸ்3டி கிடைக்கவில்லையா' என்று கேட்பார்கள். நல்ல செயலிதான். வெளிவந்த வேகத்தில் இருப்புத் தீர்ந்து, அதற்கும் சேர்த்துக் காத்திருக்க வைத்தது.

தேதி சொல்வதில் நிறுவனங்களின் யோக்கியதை என்ன? 2015இல், 10 நானோமீட்டர் சிப் 2017இன் பிற்பகுதிக்குத் தள்ளிப்போகிறது என்றது இன்டெல். மேசைக் கணினிக்கு அது வந்து சேர்ந்தது 2021 நவம்பரில், ஆல்டர் லேக்காக. அதற்குள் பெயரையே 'இன்டெல் 7' என்று மாற்றிவிட்டார்கள். வேகம் சொல்வதில்? பென்டியம் 4 காலத்தில் 10 கிகாஹெர்ட்ஸ் வரை கனவு விற்றார்கள். 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸையே கைவிட்டார்கள். அதே மாதம் ஆர்லாண்டோவில் இன்டெல் தலைமை நிர்வாகி கிரெய்க் பாரெட் மேடையில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். சிப்பை வடிப்பவர்களுக்கே இந்தக் கதி என்றால், சரக்குப் பதிவேட்டைப் படித்து ஆரூடம் சொல்பவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பங்குச் சந்தையில் இந்தக் கூத்துக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. பிரதான ஊடகத்தில் வரும் வதந்தி பங்கு விலையை அசைத்தால், 24 மணி நேரத்துக்குள் உறுதி செய்யவோ மறுக்கவோ விளக்கவோ வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. 2024 ஜூனில் 100 பெரிய நிறுவனங்களுக்கு, டிசம்பரிலிருந்து 250 நிறுவனங்களுக்கு. முதலீட்டாளருக்கு உள்ள இந்தப் பாதுகாப்பு, சேமிப்பில் கணினி வாங்கும் மாணவனுக்கு ஏன் இல்லை?

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், தவறான விளம்பரங்களைத் தடுக்க 2022இல் நெறிமுறை கொண்டுவந்தது. வெளியீட்டு மேடையில் காட்டப்படும் வேகச் சதவீதங்களையும் விளம்பரம் என்று அது வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். எந்தச் சோதனை, எந்த அமைப்பு, எவ்வளவு மின்சாரம் என்பதை அதே அளவு எழுத்தில் போட வைக்க வேண்டும். முடிவை முன்கூட்டிச் சொல்லக்கூடாது என்று சோதனையாளர்களுக்குப் போடும் வாய்ப்பூட்டு, முன்பதிவு தொடங்கும் முன்பே அவிழ வேண்டும். சாதகமான கசிவுக்கு மௌனம் காக்கும் நிறுவனத்தை, அந்தக் கசிவைத் தானே சொன்னதாகக் கருத வேண்டும். நோவா லேக் கடைக்கு வருவதற்குள் ஆணையம் இதைச் செய்து முடிக்கட்டும்.