449 டாலர் ரைஃபிள்: எதில் மிச்சம் பிடித்தார்கள்?

நம்ம இதழில் துப்பாக்கியைப் பற்றி என்ன கட்டுரை என்று முகம் சுளிக்க வேண்டாம். நாம் யாரும் இதை வாங்கப் போவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சியும். ஆனால் அமெரிக்காவில் கதை வேறு. அங்கே மாநில அரசே லைசென்ஸ் கொடுத்து, சீசன் குறித்து, ஒரு ஆளுக்கு இத்தனை மான் என்று கணக்கு வைத்து அனுப்புகிறது. கிராமப்புறத்தில் பல வீடுகளில் அது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, மாதக்கணக்கில் ஃப்ரீசரில் இருக்கப்போகிற கறி. அப்படி ஒரு வீட்டில் கையைக் கடிக்காத விலைக்கு முதல் துப்பாக்கி வாங்குகிறவரை மனதில் வைத்து வந்தவைதான் மலிவு விலை போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள். சாவேஜ் நிறுவனத்தின் ஆக்ஸிஸ் 2010இல் எட்ஜ் என்ற பெயரில் வந்தது. ரூகர் நிறுவனத்தின் அமெரிக்கன் ரைஃபிள் 2012 வாக்கில் 449 டாலர் பட்டியல் விலையில் வந்தது.

இவற்றைப் பற்றி இரண்டே அபிப்பிராயம்தான் காதில் விழும். ஒன்று, "பிளாஸ்டிக் குப்பை". இன்னொன்று, "ஆயிரம் டாலர் துப்பாக்கி செய்வதை இதுவும் செய்யும்". இரண்டு பேரும் விலைச்சீட்டைத்தான் பார்க்கிறார்கள். எதில் காசை மிச்சம் பிடித்தார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ஒரு பொருளை விலை குறைத்துச் செய்வது வேறு, குறைந்த விலைக்கென்றே முதலிலிருந்து யோசித்து டிசைன் செய்வது வேறு. மெக்கானிக்கல் பசங்களுக்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி கிடைப்பது கஷ்டம்.

என்சிசியில் .22 சுட்டவர்களுக்கு போல்ட் ஆக்‌ஷன் என்றால் என்ன என்று சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் காலி கேஸ் வெளியே வரும், முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே போகும், கைப்பிடியைக் கீழே இறக்கினால் போல்ட்டின் லக்குகள் திரும்பிப் பூட்டிக்கொள்ளும். கதவுத் தாழ்ப்பாள் மாதிரிதான். சுடும்போது உண்டாகும் அழுத்தம் முழுவதையும் அந்த லக்குகள்தான் தாங்குகின்றன.

விலை குறைப்பின் பழைய பாடம் வின்செஸ்டர் மாடல் 70. 1936இல் வந்த இந்த ரைஃபிளுக்கு அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் தனி மரியாதை. மவுசர் வகை நீளமான எக்ஸ்ட்ராக்டர், மேகசினை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்தே தோட்டாவின் விளிம்பைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஸ்டாக் என்கிற கட்டையில் பிடிமானத்துக்கான கோடுகளை உளியால் வெட்டியிருப்பார்கள். மெஷினிங் வேலையும் அதிகம், கூலியும் அதிகம். 1964இல் நிறுவனம் செலவைக் குறைத்தது. அந்த எக்ஸ்ட்ராக்டர் போய்ச் சின்னதாக ஒன்று வந்தது. கோடுகளை வெட்டாமல் அச்சு வைத்து அழுத்தினார்கள். சுடுவதில் துல்லியம் ஒன்றும் குறையவில்லை. ஆனாலும் சந்தை மன்னிக்கவில்லை. "64க்கு முந்தியது" என்று சொல்லி இன்றைக்கும் பழையதைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். பழைய டிசைனை அப்படியே வைத்துக்கொண்டு ஓரங்களை நறுக்கினால் நறுக்கிய இடம் கண்ணை உறுத்தத்தான் செய்யும்.

அதற்கு ஆறு வருடம் முன்னாலேயே, 1958இல், சாவேஜில் நிக்கலஸ் ப்ரூவர் என்ற பொறியாளர் வேறு வழியில் யோசித்திருந்தார். அவர் டிசைன் செய்த மாடல் 110இல் இருக்கும் பேரல் நட் என்னைக் கேட்டால் ஒரு அழகான ஐடியா. பார்க்க ஒன்றுமே இல்லை, வெறும் நட்.

தோட்டா அறைக்குள் உட்கார்ந்த பிறகு போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவில் மிச்சம் இருக்கும் இடம் ரொம்ப முக்கியம். அதைத் தீர்மானிக்கும் அளவுக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். அதிகமானால் சுடும்போது கேஸ் கிழியலாம், குறைந்தால் போல்ட் மூடாது. பழைய முறையில் பேரலில் ஒரு தோள் கடைந்திருப்பார்கள். அது ரிசீவரில் முட்டி நிற்கும் இடம்தான் இந்த அளவைத் தீர்மானிக்கும். அதனால் பேரல், ரிசீவர், போல்ட் மூன்றிலும் டாலரன்ஸை இறுக்கிப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். ப்ரூவர் தோளையே எடுத்துவிட்டார். அறைக்குள் கோ கேஜை வைத்து, போல்ட்டை மூடி, பேரலை அது முட்டும் வரை திருகி, வெளியிலிருந்து நட்டை இறுக்கினால் முடிந்தது. நோ-கோ கேஜ் போட்டு ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மூன்று பாகங்களின் டாலரன்ஸும் சேர்ந்து உண்டாக்கும் பிழையை அசெம்பிளியில் ஒரே அட்ஜஸ்ட்மென்ட் விழுங்கிவிடுகிறது. மெட்ராலஜி லேபில் கோ கேஜைப் பிடித்துக்கொண்டு 'இதெல்லாம் எதுக்குடா' என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்.

ஆக்ஸிஸ், ரூகர் அமெரிக்கன் இரண்டிலும் இந்த நட்தான். ரூகர் இன்னொரு படி மேலே போனது. வழக்கமான போல்ட்டில் லக்குகள் உடம்பைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவை போய்வர ரிசீவருக்குள் நீளமாகக் காடி வெட்ட வேண்டும். ரூகர் போல்ட்டின் உடம்பையே லக்கின் விட்டத்துக்குப் பருமனாக்கிவிட்டது. ரிசீவருக்குள் கிட்டத்தட்ட ஒரு உருளைத் துளை இருந்தால் போதும். வேலை குறைந்தது, போல்ட்டின் ஆட்டமும் குறைந்தது. பேரலைப் பொறுத்தவரை, உள்ளே வரிப்பள்ளங்களின் எதிர் வடிவம் கொண்ட மாண்ட்ரலை விட்டு வெளியிலிருந்து சுத்தியல்களால் அடித்து உருவாக்குகிறார்கள். அந்த மெஷின் யானை விலை. ஆனால் வாங்கிவிட்டால் ஒவ்வொரு பேரலும் சீக்கிரம் வெளியே வரும், ஒரே மாதிரியும் வரும். இங்கெல்லாம் மிச்சம் பிடித்த காசு தரத்திலிருந்து பிடுங்கியதல்ல. மலிவு என்றதும் 'நேராகச் சுடாது' என்று நினைப்பவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருவோம். "மூன்று குண்டும் ஒரு இஞ்சுக்குள்" என்று பெருமையாக ஒரு அட்டையைக் காட்டுவார்கள். புள்ளியியல் பேப்பர் எழுதியவர்கள் இதை நம்பலாமா? குண்டுகள் நார்மல் பரவலில், எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறுகின்றன என்று வைத்துக்கொண்டால், 3 குண்டுக் கூட்டத்தின் சராசரி அகலம் சிக்மாவைப் போல 2.4 மடங்கு. 5 குண்டுக்கு 3.1 மடங்கு, 10 குண்டுக்கு 3.8 மடங்கு. அதாவது மூன்று குண்டில் சராசரியாக ஒரு இஞ்சு காட்டும் அதே துப்பாக்கி பத்து குண்டில் ஒன்றரை இஞ்சுக்கு மேல் காட்டும். அதிலும் மூன்று அட்டையில் நல்லதை மட்டும் எடுத்துக் காட்டினால் கேட்கவே வேண்டாம்.

சரி, ஒன்றரை எம்.ஓ.ஏ. என்றே வைப்போம். ஒரு எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டர். ஆக 200 மீட்டரில் சிதறல் 9 சென்டிமீட்டருக்குள். மானின் நெஞ்சில் உயிர்நிலை இருக்கும் பகுதியைச் சுமார் 20 சென்டிமீட்டர் வட்டம் என்று வேட்டைக்காரர்கள் கணக்கு வைப்பார்கள். துப்பாக்கியால் வரும் பிழை பெரிதில்லை. மூச்சு வாங்க மேடேறி வந்து, நடுங்கும் கையோடு சுடுகிற மனிதனால் வரும் பிழைதான் பெரிது. அந்த வட்டத்துக்கு வெளியே பட்டால் மான் அங்கேயே விழாது. வயிற்றிலோ காலிலோ காயத்தோடு காட்டுக்குள் ஓடி, யார் கண்ணிலும் படாமல் மெல்ல மெல்லச் சாகும். எனவே மலிவு ரைஃபிளிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி அது எவ்வளவு நேராகச் சுடும் என்பது இல்லை. சுடுகிற ஆளைத் தப்பாகச் சுட வைக்கிறதா என்பதுதான்.

அங்கேதான் எனக்கு இவற்றின் மேல் கோபம். முதலில் எடை. ரூகர் அமெரிக்கன் சுமார் 2.8 கிலோ. தோளில் போட்டு நடக்க சுகம். ஆனால் உந்தம் அதேதானே? 3.5 கிலோ துப்பாக்கியோடு ஒப்பிட்டால் பின்னுதைப்பின் ஆற்றல் 25 சதவீதம் கூடும். தோளில் நாலு உதை வாங்கிய புதியவர் ஐந்தாவது தடவை ட்ரிகரை இழுக்கும் முன்பே கண்ணை மூடி உடம்பைச் சுருக்குவார். கடையில் விற்பவர் லேசாக இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்வார்.

அடுத்து ஸ்டாக். இஞ்செக்‌ஷன் மோல்டிங்கில் வரும் பிளாஸ்டிக் மழையில் உப்பாது, வெயிலில் வெடிக்காது. வால்நட் கட்டையைவிட இது ஒரு விதத்தில் மேல் என்றே சொல்வேன். ஆனால் முன்பகுதி கையால் அழுத்தினாலே வளைகிற அளவுக்கு மெலிசு. கிளையிலோ பைபாடிலோ சாய்த்து வைத்தால் வளைந்து பேரலைத் தொடும், தொட்டால் குண்டு போகும் இடம் மாறும். நல்ல பேரலைச் செய்துவிட்டு, அதன் கீழே நாலு ரிப் கூடுதலாகப் போட மனசு வரவில்லை. ரூகரில் ரிசீவரைத் தாங்க வி வடிவ உலோகக் கட்டைகளை ஸ்டாக்குக்குள்ளேயே பதித்திருப்பது பாதிப் பரிகாரம்.

போல்ட்டைத் தூக்க ஆக்ஸிஸில் 90 பாகை, மூன்று லக் உள்ள ரூகரில் 70 பாகை. கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்காது என்பது லாபம். ஆனால் ஸ்பிரிங்கை அழுத்த ஆகும் வேலை குறைவதில்லை. அதையே குறைந்த கோணத்தில் செய்தால் கை கனமாக உணரும். ரூகரின் பிளாஸ்டிக் மேகசினையும் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது சில்லறை விஷயம், தனியாக மாற்றிக்கொள்ளலாம்.

ட்ரிகர் சில்லறை விஷயம் இல்லை. 2000களின் தொடக்கத்தில் சாவேஜே அக்யூட்ரிகர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ட்ரிகரின் நடுவில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். விரல் அதை அழுத்தினால் ஒழிய, துப்பாக்கி இடிபட்டு சியர் நழுவினாலும் தோட்டா வெடிக்காது. அதனால் ட்ரிகரைப் பயமில்லாமல் இலகுவாக வைக்க முடிந்தது. அருமையான வேலை. ஆனால் முதலில் வந்த ஆக்ஸிஸில் அது கிடையாது. கனமான சாதா ட்ரிகர்தான். பிறகு ஆக்ஸிஸ் 2 என்று கூடுதல் விலையில் அதைக் கொடுத்தார்கள். யாருக்கு அதிகம் தேவையோ அந்தப் புதியவருக்குத் தராமல், காசு உள்ளவருக்குத் தந்தார்கள். கனமான ட்ரிகரை இழுக்கிற இழுப்பிலேயே குறி விலகிவிடும்.

ட்ரிகரில் காசு பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரெமிங்டன் கதை இருக்கிறது. அதுவும் மலிவு ரைஃபிள் இல்லை, 1962இல் வந்த பேர்போன மாடல் 700. அதில் இருந்தது மைக் வாக்கர் என்பவர் 1940களில் வடிவமைத்த ட்ரிகர். அவரே 1948இல் இன்னும் பாதுகாப்பான வடிவம் ஒன்றைப் பரிந்துரைத்ததையும், துப்பாக்கிக்கு ஐந்தரை சென்ட் கூடுதலாக ஆகும் என்றிருந்ததையும், நிறுவனம் அதை எடுத்துக்கொள்ளாததையும் 2010இல் சிஎன்பிசி தொலைக்காட்சியின் ஆவணப்படம் வெளியே கொண்டுவந்தது. விரல் படாமலே வெடித்தது என்று பல வருடங்களாகப் புகார்கள், அடிபட்டவர்கள், இறந்தவர்கள், வழக்குகள். துப்பாக்கி பாதுகாப்பானதுதான் என்று நிறுவனம் கடைசிவரை சொன்னது. ஆனாலும் 2014இல் எட்டிய சமரசத்தில் 70 லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு ட்ரிகரை இலவசமாக மாற்றித் தர ஒப்புக்கொண்டது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும் பளபளப்புக்குச் செலவழித்துவிட்டு, தெரியாத இடத்தில் ஐந்தரை சென்ட் பார்த்தால் எந்த விலைத் துப்பாக்கியும் மலிவுத் துப்பாக்கிதான்.

ஆக, வாங்கலாமா? மான் வேட்டைக்கு முதல் துப்பாக்கி என்றால் வாங்கலாம். என் ஓட்டு ரூகருக்கு. 3 முதல் 5 பவுண்டு வரை நாமே அட்ஜஸ்ட் செய்யக்கூடிய, நடுவில் தகடு உள்ள ட்ரிகர் அதில் முதல் நாளிலிருந்தே இருந்தது. அந்த பெடிங் கட்டைகளும் சேர்த்தி. சாவேஜ்தான் என்றால் சாதா ஆக்ஸிஸை விட்டுவிட்டு ஆக்ஸிஸ் 2க்குப் போகலாம். ஸ்கோப்போடு சேர்த்து 'காம்போ' என்று விற்பதை மட்டும் தொடவே வேண்டாம். அந்த விலைக்குக் கிடைப்பது அந்த விலைக்கு உண்டான கண்ணாடிதான். உதையில் ஸ்கோப்பின் செட்டிங் நகர்ந்தால் சுத்தியலில் அடித்த பேரலும் வீண், ப்ரூவரின் நட்டும் வீண். துப்பாக்கியில் மிச்சமான காசில் நல்ல மவுன்ட்டும் ஒழுங்கான ஸ்கோப்பும் தனியாக வாங்கட்டும். மிச்சத்துக்குத் தோட்டா. பெட்டிக்கு இருபது வரும். சீசனுக்கு முன்னால் குறைந்தது ஐந்து பெட்டி சுட வேண்டும், அதுவும் மேஜையில் சாய்த்து வைத்து அல்ல, முட்டி போட்டும் உட்கார்ந்தும்.