அடையாளச் சொல் அமைப்பாகாது

நடுநிலை வகுப்புகளில் தகவல் கட்டுரையின் அமைப்பைக் கற்பித்தல் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் பெட்டி நிரப்பும் பயிற்சியே. விவரிப்பு, வரிசைமுறை, ஒப்பீடு, காரணவிளைவு, சிக்கல்தீர்வு என ஐந்து பெயர்கள்; ஒவ்வொன்றின் கீழும் சில அடையாளச் சொற்கள். ‘ஏனெனில்’ வந்தால் காரணவிளைவு. ‘ஆனால்’ வந்தால் ஒப்பீடு. சொல்லைக் கண்டுபிடித்த மாணவர் மதிப்பெண் பெறுகிறார். கட்டுரை எதை நிறுவ முனைந்தது என்று அவரிடம் எவரும் கேட்பதில்லை.

இந்த ஐந்தின் மூலம் இவ்வளவு எளியதன்று. உரைநடையின் அமைப்புக்கும் நினைவுக்கும் உள்ள உறவை அமெரிக்க ஆய்வாளர் பானி மேயர் 1975-இல் நூலாக்கினார். 1980-இல் அவரும் உடனாய்வாளர்களும் ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் கண்டது இது: கட்டுரையாசிரியர் கருத்துகளை அடுக்கிய மேல்நிலை அமைப்பையே பற்றிக்கொண்டு நினைவுகூர்ந்தவர்கள், அவ்வாறு செய்யாதவர்களைவிட மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். அங்கே அமைப்பு என்பது கட்டுரை முழுவதையும் தாங்கும் உத்தரம். வகுப்பறைக்கு வந்து சேர்ந்ததோ ஆங்கில இணைப்புச் சொற்களின் பட்டியல்.

அப்பட்டியல் நம் மொழிகளில் செல்லாது. ஆங்கிலத்தின் ‘பிகாஸ்’ தனிச்சொல்லாகக் காரணத்தின் முன்னே நிற்கிறது. தமிழில் காரணம் பெரும்பாலும் உருபில் ஒளிந்திருக்கிறது. ‘மழையால்’ என்பதில் உள்ள ‘ஆல்’ காரணம். ‘கத்தியால்’ என்பதில் கருவி. ‘பெய்தால்’ என்பதிலோ நிபந்தனை. வினையெச்சம் இன்னும் நுட்பமானது. ‘சக்கரம் தேய்ந்து வண்டி அதிர்ந்தது’ என்ற தொடரில் இருப்பது வரிசையா, காரணமா? சொல் சொல்லாது, பொருளுறவை எண்ணியே வாசகர் முடிவு செய்ய வேண்டும். தெலுங்கிலும் ‘வல்ல’ என்பது காரணத்தின் பின்னே ஒட்டிவருகிறது. அடையாளச் சொல்லைத் தேடப் பழகிய மாணவர் இம்மொழிகளில் வாசிக்கையில் வெறுங்கையோடு நிற்பார்.

ஐதராபாத்தின் லாலாகுடாவிலுள்ள ரயில்பெட்டிப் பணிமனையை எடுத்துக்கொள்வோம். அது 1893-இல் நிஜாம் ரயில்வேயின் காலத்தில் தொடங்கியது. அதன் வரலாற்றை ஆண்டு வாரியாக எழுதலாம். பெட்டி உள்ளே வந்து, பிரிக்கப்பட்டு, பழுது நீங்கி வெளியேறும் முறையைப் படிப்படியாக எழுதலாம். மூன்றாவதாக, இப்படியும் எழுதலாம்: பெரம்பூர்த் தொழிற்சாலை உருவாக்கிய பழைய வகைப் பெட்டிகள் விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இயல்புடையவை, ஆனால் ஜெர்மானிய வடிவமைப்பான எல்எச்பி பெட்டிகளின் நடு இணைப்பான் அதைத் தடுக்கிறது, 2018-இல் பெரம்பூர் பழைய வகையின் உற்பத்தியை நிறுத்தியது. இங்கே ‘ஆனால்’ இருக்கிறது. பட்டியல்படி இது ஒப்பீடு. உண்மையில் இது சிக்கலும் தீர்வும். ஒப்பீடு அதற்குப் பணிசெய்யும் உறுப்பு மட்டுமே. இதை ஒப்பீடு என எழுதும் மாணவர் இரண்டு பெட்டிகளின் வேறுபாட்டை மனனம் செய்வார். மாற்றம் ஏன் நேர்ந்தது என்பதை இழப்பார்.

இந்த இழப்பு எவருடையது? தெலங்கானா அரசு 2022–23 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளின் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளில் ஆங்கிலவழியைக் கொண்டுவந்தது. ஒரு பக்கம் ஆங்கிலமும் எதிர்ப்பக்கம் தெலுங்குமாக இருமொழிப் பாடநூல்களையும் வழங்கியது. வீட்டில் ஆங்கிலம் இல்லாத குழந்தைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் ஒரே நாளில் அயல்மொழியாயின. எதிர்ப்பக்கத்தைச் சொற்பொருள் அறியும் அகராதியாக மட்டும் கருதினால் அதன் பெரும்பயன் வீணாகும். இரு பக்கங்களிலும் சொல் வேறு, தொடரமைப்பு வேறு; மாறாமல் நிற்பது கருத்தடுக்கு ஒன்றே. அமைப்பு என்பது சொல்லன்று என்று காட்ட இதனினும் சிறந்த கருவி இல்லை. அக்கருவி மாணவர் கையில் இருக்கையில் பயிற்சித்தாளை நிரப்பச் சொல்வது கல்வியாகாது.

இதற்கு மறுதலையாக, ‘எல்லாம் நம் நன்னூலிலேயே உண்டு’ என்போரும் உளர். உண்டுதான். பவணந்தியார் 32 உத்திகளைத் தொகுத்தார். சூத்திரங்கள் தம்முள் இயையும் முறையை ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காக வகுத்தார். முன்னும் பின்னும் நோக்கும் சிங்கமும் இடைவிட்டுத் தாவும் தவளையும் எந்தப் பன்னிரண்டு வயதினருக்கும் விளங்கக்கூடிய படிமங்கள். ஆயினும் அவற்றை இலக்கண வினாவுக்குரிய பட்டியலாக ஒப்பிக்கச் செய்தவர்கள், ஐந்து பெட்டிக்காரர்களைக் குறைகூறும் தகுதியை இழந்துவிட்டார்கள். இரு தரப்பும் செய்வது ஒரே பிழை: வாசிப்பதற்கான கருவியை மனப்பாடப் பொருளாக்குவது.

பொருளறிவு இல்லாமல் அமைப்பறிவால் பயனில்லை என்ற மறுப்பு நியாயமானதே. ரயில்பெட்டியைப் பற்றி ஏதும் அறியாதவர் அதன் சிக்கலை உணரமாட்டார். ஆனால் அந்த மறுப்பு அமைப்பைக் கைவிடச் சொல்லவில்லை. அதை மொழிப்பாடத்தில் தனிப்பயிற்சியாக அடைக்காமல் அறிவியல், சமூக அறிவியல் வகுப்புகளிலேயே கற்பிக்கச் சொல்கிறது. அங்கே கேட்கவேண்டியவை மூன்று கேள்விகள். இக்கட்டுரை எந்த வினாவுக்கு விடை? இந்தப் பத்தியை இடம் மாற்றினால் எது கெடும்? எதை நீக்கினால் முடிவு நிற்காது? இம்மூன்றுக்கும் விடை சொல்லும் மாணவருக்கு ஐந்து பெயர்களும் பிறகு தாமே வந்து சேரும். சொல்ல இயலாதவருக்கோ அப்பெயர்களால் யாதொரு பயனும் இல்லை.