கடைத்தெருக்களைக் கணக்கில் கொள்க!

கணக்கில் வாராதது காப்பிலும் வாராது. நகரமைப்பாளர் வரையும் நிலப்படங்களில் பெருஞ்சாலைகள் உண்டு, பேரங்காடிகள் உண்டு. மளிகைக்கடை நான்கு, தையற்கடை ஒன்று, மாவரைக்கும் பொறி ஒன்று என வீட்டு முகப்புகளிலேயே நடக்கும் சிறு கடைத்தெருவோ, பெரும்பாலும் குடியிருப்பு என்னும் ஒரே நிறத்துள் மறைந்துபோகின்றது. நாளை சாலையை அகலப்படுத்துங்கால், அங்கு ஒரு கடைத்தெரு இருந்தது என்பதற்கே சான்று இராது.

தெருவை வகைப்படுத்தும் அறிவு தமிழர்க்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை மதுரைக் கடைத்தெருக்களை மணி, பொன், துணி, கூலம் எனப் பொருள்வழிப் பிரித்துக் காட்டுகின்றது. மதுரைக்காஞ்சியோ நாளங்காடி, அல்லங்காடி எனப் பொழுதுவழிப் பிரிக்கின்றது. இன்றும் தெற்காவணி மூலவீதி என்றால் பொன்னும், கீழமாசி வீதி என்றால் பலசரக்கும் மதுரையார் நினைவுக்கு வரும். ஆயின் இவை பெயர்பெற்ற தெருக்கள். இவற்றை எவரும் மறவார். புறநகர்க் குடியிருப்புகளுள் முளைத்த சிறு கடைத்தெருக்களே கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

பொருளும் பொழுதும் போலவே, வாங்குவோர் வரும் தொலைவும் ஓர் அளவுகோல். ஒரு பொருளுக்காக மக்கள் எவ்வளவு தொலைவு வருவர் என்பதை அடிப்படையாகக் கொண்டு, செருமானியப் புவியியலார் வால்ட்டர் கிறித்தாலர் 1933-இல் ஊர்களின் படிநிலையை விளக்கினார். அதனைத் தெருவிற்கும் பொருத்தலாம். பாலும் கீரையும் நடந்து சென்று வாங்குவன. ஏனமும் திருமணத் துணியும் பேருந்தேறி வந்து வாங்குவன. முன்னவற்றை விற்கும் தெரு அழிந்தால், முதலில் அல்லற்படுவோர் வண்டியில்லா ஏழையரும் முதியோருமே.

2014-ஆம் ஆண்டின் தெருவணிகர் சட்டம், ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் தெருவணிகரைக் கணக்கெடுக்க வேண்டும் என்கின்றது. கணக்கெடுத்துச் சான்று வழங்கும்வரை எவரையும் அகற்றலாகாது என்றும் தடுக்கின்றது. எண்ணுதலே காப்பாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. ஆனால் அச்சட்டம் தள்ளுவண்டிக்கும் நடைபாதைக் கடைக்குமே உரியது. சுவருள் அமைந்த சிறு கடைகளைத் தொடாது. ஆண்டு விற்பனை 40 இலக்க உருபாவுக்கு உட்பட்ட பொருள் வணிகர், பொதுவாகச் சரக்கு, பணிகள் வரிக்குப் பதிவு செய்யவும் தேவையில்லை. ஆகவே வரியேட்டிலும் இக்கடைகளுட் பல இரா.

மாநகராட்சிகள் வட்டந்தோறும் இக்கடைத்தெருக்களை நேரிற் கண்டு எண்ணுக. மக்கள் வழங்கும் பெயராலேயே அவற்றை நிலப்படத்தில் குறிக்க. பொருள், பொழுது, தொலைவு என்னும் மூன்றையும் உடன் எழுதுக. அப்பதிவைப் பாராது எந்தச் சாலைத் திட்டத்திற்கும் ஒப்புதல் தருதல் கூடாது. எண்ணாது இடிப்பது நகரமைப்பு அன்று, அழிப்பே ஆகும்.