பெர்டானாவின் இரண்டாவது விலை

மஸ்ஜித் இந்தியாவின் நகைக் கடையில் வளையல் எடுப்பவர் 916 முத்திரையைக் கண்டதும் பாதிக் கவலை தீர்ந்து விலை பேசத் தொடங்குகிறார்; இருபது ஆண்டு ஓடிய 'எக்சிகியூட்டிவ்' கார் ஒன்றை, அதாவது குடும்பக் காருக்கும் பெருஞ்சொகுசுக் காருக்கும் இடையில் மேலாளர்களையும் அரசு அதிகாரிகளையும் எண்ணிச் செய்யப்பட்ட காரை, வாங்க முனைபவருக்கு அத்தகைய முத்திரை ஏதும் இல்லை. உரிமை மாற்றத்துக்காக வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோம் செய்யும் பி5 சோதனையையே முத்திரையாக நம்புவோர் உண்டு. ஆனால் அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் திருத்தப்பட்டனவா, உடல் வெட்டி ஒட்டப்பட்டதா என்று பார்ப்பதே அதன் முதன்மை நோக்கமாதலால், கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்பதற்கு அதில் விடை கிடைக்காது.

இவ்வகைக்கு மலேசியர் நன்கறிந்த சான்று புரோட்டோன் பெர்டானா. மிட்சுபிஷி எத்தேர்னாவை அடிப்படையாகக் கொண்டு 1995இல் வந்த இக்கார், 1999இல் 1,998 சிசி வி6 இயந்திரம் பெற்று, அமைச்சர்களின் அலுவல் காராகப் பல்லாண்டு ஓடி, 2010இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. இதற்கிடையே, 2008இல் திரெங்கானு மாநில அரசு பெர்டானாக்களின் பராமரிப்புச் செலவு மிகுதி என்று காரணங்கூறி 34 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து 14 மெர்சிடிஸ் இ200 கார்களை வாங்கியதும், அதனால் எழுந்த அரசியல் சலசலப்பும் பலருக்கு நினைவிருக்கும். மாநிலக் கருவூலமே சலித்துக்கொண்ட செலவை மாதச் சம்பளக்காரர் ஏற்கத் துணிவது, காரின் விலை வயதுக்கேற்ப இறங்குவதைப் போலவே பட்டறைக் கூலியும் இறங்கிவிடும் என்ற எண்ணத்தால்தான். சாலை வரிகூட வயதைப் பார்ப்பதில்லை. தீபகற்பத்தில் 1,998 சிசிக்கு 379 ரிங்கிட்டாக இருக்கும் அவ்வரி, 2,979 சிசி கொண்ட பழைய பிஎம்டபிள்யூவுக்கு 2,000 ரிங்கிட்டைத் தாண்டிவிடும்.

பெர்டானா வி6 என்றதும் போமன் (பட்டறை வினைஞரை இங்குள்ள தமிழர் அழைக்கும் பெயர்) முதலில் கேட்பது கியர்பாக்ஸைப் பற்றித்தான். அதைச் சோதிக்க வேண்டியது இயந்திரம் குளிர்ந்திருக்கும் காலை வேளையில். விற்பவர் முன்னதாகவே ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருந்தால் பானெட்டில் கை வைத்தாலே தெரிந்துவிடும். பிரேக்கை மிதித்தபடி கியரை 'பி'யிலிருந்து 'ஆர்'க்கும் பின்பு 'டி'க்கும் மாற்றுகையில், ஓரிரு நொடி ஒன்றும் நிகழாமலிருந்து பிறகு 'டொக்' என்று கார் உதைத்தால், உள்ளே உராய்வுத் தட்டுகள் தேய்ந்தோ எண்ணெய் அழுத்தம் குறைந்தோ இருக்கக்கூடும். அளவுக் கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தால் கியர் எண்ணெய் சிவப்பாகத் தெரிய வேண்டும். பழுப்பேறித் தீய்ந்த வாடை வீசினால் விலை பேசாமல் திரும்புவதே நலம்.

வி6 இயந்திரத்தில் ஆறு சிலிண்டர்கள் மும்மூன்றாக இரு வரிசையில் சாய்ந்து நிற்க, பின்வரிசை ஸ்பார்க் பிளக்குகளைக் காற்றுக் குழாய்த் தொகுதி மூடியிருப்பதால், அதைக் கழற்றினாலன்றி அவற்றை எட்ட முடியாது. இதனாலேயே முன்வரிசையை மட்டும் மாற்றிவிட்டு 'பிளக் புதுசு' என்று சொல்லும் வழக்கமும், மேல்மூடி ரப்பர் இறுகிக் கசியும் எண்ணெய் பின்வரிசைக் குழிகளில் தேங்கிக் கிடந்தும் யார் கண்ணிலும் படாமற்போவதும் நேர்கின்றன. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டும் ரப்பராதலால், குறைந்த கிலோமீட்டர் ஓடியது என்ற உறுதிமொழியைவிட அது மாற்றப்பட்ட தேதியுள்ள பட்டறை ரசீதே மதிக்கத்தக்கது.

பிரிக்பீல்ட்ஸ் நெரிசலில் ஊர்ந்தே முதுமையடைந்த கார்களில் குளிரூட்டும் அமைப்பை ஐயுறுவது இயல்பு. எண்ணெய் மூடியின் உட்புறம் தே தாரிக் நிறத்தில் கசடு படிந்திருந்தால் எண்ணெயில் நீர் கலந்துள்ளதென்று பொருள். ஹெட் கேஸ்கெட், அதாவது இயந்திரத்தின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடு, பழுதாகியிருக்கலாம். ஐரோப்பியக் கார்களின் குறைகள் வேறு. 1990களின் நடுப்பகுதியில் வந்த மெர்சிடிஸ் டபிள்யூ124களில் மின்கம்பிகளின் மேலுறையே பொடிந்து உதிர்வதுண்டு.

கிள்ளான் பள்ளத்தாக்கில் 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப்பின் மற்றொன்றையும் பார்த்தாக வேண்டியிருக்கிறது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கூரை மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தவை போன்ற கார்களுக்கு இருக்கை உறை மாற்றி நறுமணம் தெளித்துவிடலாம். ஆயினும் சீட் பெல்ட்டைக் கடைசி முழம்வரை இழுத்துப் பார்த்தால், சுருளுக்குள்ளேயே இருந்து கழுவியவர் கைக்கு எட்டாத பகுதியில் சேற்றுக்கோடு காய்ந்திருக்கும்.