ஆறில் நாலாவது

எங்கள் தூத்துக்குடியில் வேகம் என்றால் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் லாரிதான். ஃபார்முலா ஒன் எல்லாம் டி.வி.யில் பார்ப்பதோடு சரி. ஆனாலும் போன மாசத்திலிருந்து ஆபீஸில் என் பட்டப்பெயர் 'நரேன்'. பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள்.

பிரமோஷன் லிஸ்ட்டில் எனக்கு மேலே இருந்த சீனியர்கள் அத்தனை பேரும் வெளியூர் மாற்றலுக்குப் பயந்து 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சியது நான். அரைக் கிலோ மக்ரூனோடு போய் நின்றால், கேஷியர் அண்ணாச்சி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே, "கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் மாதிரில்லா ஜெயிச்சிருக்கீரு! ஆறே கார் ஓடுச்சி, நாலாவது வந்தாரு!" என்றார். ஆபீஸே சிரித்தது.

விஷயம் நிஜம். 2005 ஜூன் 19, அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ். அந்த டிராக்கின் சாய்வான வளைவை மிஷலின் டயர் தாங்காது என்று தெரிந்துபோய், அது மாட்டிய 14 கார்களும் ஒரு சுற்று சும்மா வந்துவிட்டு ஓரங்கட்டிவிட்டன. பாக்கி ஆறு. ஷூமாக்கர் முதல். நரேன் நாலாவது. ஐந்து பாயிண்ட்.

நானும் அன்றைக்குச் சிரித்தவன்தான். பிரமோஷன் வந்த பிறகுதான் மிச்சக் கணக்கைப் பார்க்கத் தோன்றியது. கரிவர்தன் என்ற கோவைக்காரர், மாருதி 800 இன்ஜினை வைத்து வடிவமைத்த குட்டி ரேஸ் காரில் ஆரம்பித்த பையன். ஐரோப்பா, ஜப்பான் என்று அலைந்து, மெல்போர்னில் முதல் ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டியது 2005 மார்ச்சில். பத்து வருஷத்துக்கு மேல், சார்! கிடைத்த ஜோர்டன் கார், அந்த வருஷம் பின்வரிசை வண்டி. அந்த ஆறிலும் இரண்டு ஃபெராரி. அதை விட்டால் இவருக்கு முன்னால் போனது சொந்த டீம்காரர் மான்டெய்ரோ மட்டுமே. டிக்கெட் வாங்கிய ஜனம் கடுப்பில் பாட்டில் வீசுகிறது. நடுவே 73 சுற்று, முன்னூறு கிலோமீட்டர், எங்கேயும் இடிக்காமல் கொண்டு வந்து சேர்க்கணும்.

ஃபார்முலா ஒன் ரேஸ் ஓட்டிய இந்தியர்கள் இதுவரை இரண்டே பேர். இன்னொருவர் சென்னை கருண் சந்தோக். இருவர் கணக்கையும் கூட்டினாலும் அந்த ஐந்து பாயிண்ட்தான்.

இத்தனையையும் அண்ணாச்சியிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டே கடைசி மக்ரூனையும் எடுத்தார்.

"அது சரி வே... ஒமக்கு எந்த ஊருக்குப் போட்டிருக்கு?"

"விழுப்புரம். ஞாயித்துக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல போறேன்."

மென்றுகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். எழுதிக் கொடுத்தவர்களில் அண்ணாச்சிதான் முதல் ஆள்.

"ஸ்டேஷனுக்கு நான் கொண்டு விடுதேன்" என்றார். அவருடைய டி.வி.எஸ். எக்ஸெல் முப்பதுக்கு மேல் போகாது. சீக்கிரமே கிளம்பணும்.