தாம்பரம்: சென்னைக்கு ஒரு ஸ்டேஷன் முன்னாடி

"சென்னையில எங்கப்பா படிக்கிற?" என்று ஊர்ப்பக்கம் யாராவது கேட்டால் தாம்பரத்து மாணவர்கள் ஒரு நொடி யோசித்துத்தான் பதில் சொல்வார்கள். மாவட்டம் செங்கல்பட்டு, 2021 முதல் தனி மாநகராட்சி. மெட்ராஸ் பையன்களோ தாம்பரத்தை வெளியூர் லிஸ்டில்தான் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும்! அதனால் தாம்பரத்துக்கு லாபமே தவிர நஷ்டம் இல்லை.

நகரத்துக்கு நடுவே இருக்கும் கல்லூரி நாலு மணிக்கு விட்டால் மாணவர்கள் கூட்டத்தில் கரைந்து போவார்கள். தாம்பரத்தில் அப்படி இல்லை. செமஸ்டர் எப்போது ஆரம்பம் என்று ஜெராக்ஸ் கடைக்காரருக்குத் தெரியும். அரியர் எத்தனை என்பதுகூட சில டீக்கடைகளில் தெரியும் (அது வேறு கதை).

இது தானாக அமைந்த விஷயம் இல்லை. 1837இல் பள்ளிக்கூடமாக ஆரம்பித்த மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரி, ஜார்ஜ் டவுன் நெரிசலில் வளர்ந்து, சரியாக நூறாவது வருடம், 1937இல், சேலையூர் காட்டுக்குக் குடிவந்தது. ஆறு வருடம் முன்பே, 1931இல், பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜில் மின்சார ரயில் வந்துவிட்டது. கல்லூரிக்குச் சுமார் 365 ஏக்கர். அங்கே மரம் வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு வேதியியல் பேராசிரியர், எட்வர்ட் பார்ன்ஸ். இன்றைக்கும் அந்தப் புதர்க்காட்டில் புள்ளிமான் திரிகிறது. வகுப்பை கட் அடித்தவனும் மானும் ஒரே மரத்தடியில் நிற்கிற ஊர் இந்தப் பக்கம் வேறு எங்கே இருக்கிறது?

சானடோரியம் தாண்டினால் குரோம்பேட்டை. அங்கே 1949இல் சி. ராஜம் தன் வீட்டை விற்று எம்ஐடியை ஆரம்பித்தார். அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். காடு, ரயில், கல்லூரி: இந்த வட்டாரம் மூன்றையும் பிடித்துக்கொண்டு வளர்ந்தது.

இப்போதைய சிக்கல் காலேஜ் பஸ். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ஜிஎஸ்டி ரோட்டின் இரண்டு பக்கமும் எத்தனை கல்லூரிகள்! விடிகாலையில் வீட்டு முனையில் ஏறும் மாணவன் காம்பவுண்டுக்குள் இறங்குகிறான். சாப்பாடு, ஜெராக்ஸ், ஏடிஎம் எல்லாம் உள்ளேயே. சாயங்காலம் அதே பஸ். நாலு வருடம் இப்படி ஓடினால் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை எந்தப் பக்கம் என்றே தெரியாமல் டிகிரி வாங்கிவிடலாம்.

பெற்றோர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஃபுட்போர்டில் தொங்கிப் போய் உயிரை விட்டவர்கள் கதை ரயிலில் போகிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பயத்துக்குப் பதில் இன்னும் நாலு மின்சார ரயில் விடுவதுதானே? மாணவனை ஊரிலிருந்து பிரித்து வைப்பது எப்படிப் பதிலாகும்? மாணவன் நடந்து போகாத ஊர் அவனுக்கு ஜன்னல் வழியாகப் பார்க்கும் டிராஃபிக் ஜாம் மட்டும்தான். அந்த ஊருக்கும் அவன் யாரோ.

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் நாலு மணி பஸ்ஸை ஆறரைக்கு எடுக்கட்டும், பிள்ளைகளை கேட்டுக்கு வெளியே விடட்டும். மற்றதைத் தாம்பரம் பார்த்துக்கொள்ளும்.