வழிக்கேற்ற வண்டி

மலைமிதிவண்டி வாங்க விழையும் மாணவர்முன் இருவகை நிற்கின்றன. சரிவில் இறங்குவதற்கென்றே அமைந்த வண்டியில், முன்னும் பின்னும் ஏறத்தாழ 200 மில்லிமீட்டர் அசையும் அதிர்வுதாங்கிகள் உண்டு. இறக்கத்தில் அது வேங்கை, ஏற்றத்திலோ பெருஞ்சுமை. 'டிரெயில்' வண்டியோ ஏறவும் இறங்கவும் வல்லது. இரண்டில் அதுவே சிறந்தது. ஆயினும், தஞ்சைச் சமவெளியில் மலை எங்கே? காவிரிக்கரைச் சாலையில் மிதிக்கும் விசையில் ஒரு பகுதியை அதிர்வுதாங்கியே விழுங்கிவிடும். புத்தகப்பை வைக்கக் கேரியரும் பெரும்பாலும் இராது. 1990களின் தொடக்கத்தில், அண்டைப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்துப் பெண்கள் பல்லாயிரவர் சாதாரண மிதிவண்டி ஓட்டியே தலைநிமிர்ந்தனர். வீண்விரயம் தவிர்த்தல் இஸ்லாமிய நெறியன்றோ? மாணவச் செல்வங்களே, தந்தையின் உழைப்பைப் பகட்டுக்குச் செலவிடாதீர். செல்லும் வழியறிந்து வண்டியைத் தேர்ந்தெடுப்பீர்!